துப்பறியும் கதை, சரித்திரக் கதை தாண்டி வேறு எதைப் படிப்பது? எப்படித் தேடுவது?

நள்ளிரவு வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். நிறையப் படிப்பவன்தான், ஆனால் பல வருடங்களாகப் படிப்பது இரண்டே வகை. ஒன்று கொலை, விசாரணை, துப்பு. இன்னொன்று சரித்திர நாவல். இப்போது இரண்டுமே சலிக்க ஆரம்பித்துவிட்டன. கொலைக் கதையில் ரொம்ப நல்லவராக ஒருவர் அறிமுகமானால் அவர்தான் ஆள் என்று தெரிந்துவிடுகிறது. சரித்திர நாவலில் சுரங்கப்பாதை எப்போது வரும் என்று நானே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

மாற்றிப் படிக்கலாம் என்று 'இறப்பதற்குள் படிக்க வேண்டிய நூறு புத்தகங்கள்' மாதிரிப் பட்டியல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றி அதே பெயர்கள். சிலவற்றை எடுத்தும் பார்த்தேன், உள்ளே போக முடியவில்லை. அபுனைவு, அதாவது கதை அல்லாத நூல்கள் பக்கம் போனால் ஒன்று பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் 'வெற்றிக்கு ஏழு வழிகள்' வகை.

புனைவிலும் அபுனைவிலும் இதுவரை தொடாத வகைகளை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? பட்டியல் வேண்டாம். தேடுகிற வழியைச் சொல்லுங்கள்.

முன்னுரை மட்டும்:

பட்டியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, இனி பட்டியலாகத்தான் வந்து குவியும். நான் ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொள்கிறேன்.

அலமாரி 7:

நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 'நல்ல புத்தகமா ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வருபவரிடம் முதலில் 'என்ன வகை பிடிக்கும்?' என்றுதான் எல்லோரும் கேட்போம். அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. வகை என்பது அட்டையில் ஒட்டிய சீட்டு. ஒருவரை ஒரு புத்தகத்துக்குள் இழுப்பது வேறு ஏதோ ஒன்று.

நான்சி பெர்ல் என்று ஓர் அமெரிக்க நூலகர். சியாட்டில் நகரத்தில் பல காலம் வேலை பார்த்தவர். அவர் ஒன்று சொல்வார்: ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன. கதையோட்டம், மனிதர்கள், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் எந்த வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 'அடுத்து என்ன?' என்று பக்கத்தைப் புரட்டுகிறவர் கதை வாசலில் நுழைபவர். முடித்த பிறகும் ஒரு பாத்திரத்தைச் சொந்தக்காரர் மாதிரி நினைத்துக்கொண்டிருப்பவர் மனிதர் வாசல். அந்த ஊரில், அந்தக் காலத்தில் போய் இருந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது என்றால் களம். ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் மொழி.

இதில் முக்கியமான விஷயம், இந்த நான்கு வாசலும் அபுனைவுக்கும் பொருந்தும் என்பது. கதை வாசல்காரருக்குப் பயணச் சாகசமும் மருத்துவக் கண்டுபிடிப்பின் வரலாறும் ஒத்துவரும். மனிதர் வாசலுக்குத் தன்வரலாறு. களத்துக்குப் பயண நூலும் இயற்கை பற்றிய எழுத்தும். மொழி வாசலில் நுழைபவர் நல்ல கட்டுரையாளர் எழுதினால் எறும்பைப் பற்றி இருந்தாலும் படிப்பார்.

ஆகவே உங்களிடம் என் கேள்வி: கடைசியாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல் வழியாகப் போனீர்கள்?

கரையான்:

ஒரு மாற்றுக் கருத்து. ஒரே வகையைப் படித்தால் என்ன குறைந்துவிடும்? ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டால் ரசிகர் என்கிறோம், துப்பறியும் கதை மட்டும் படித்தால் 'வாசிப்பை விரிவாக்குங்கள்' என்று உபதேசம் செய்கிறோம். நான் அறிவியல் புனைவு மட்டும்தான் படிக்கிறேன், அதிலேயே இன்னும் தொடாதது ஏராளம்.

நள்ளிரவு வாசகன்:

கரையான், சலிக்காதவரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திருத்த வரவில்லை, எனக்கே போதும் என்று தோன்றிவிட்டது.

அலமாரி அக்கா, யோசித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு சரித்திரம், ஒன்று கொலை. மூன்றிலுமே எனக்கு இப்போது ஞாபகம் இருப்பது கதை இல்லை. அந்தக் காலத்து அரண்மனை நடைமுறை, ஒரு நாவலில் பிரேதப் பரிசோதனை நடக்கும் விதம், இந்த மாதிரி விவரங்கள். ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கதைக்காகப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலமாரி 7:

அப்படியென்றால் உங்களுக்குக் களம்தான் பெரிய வாசல். பாதி அபுனைவு வாசகர் நீங்கள், இன்னும் அந்த அலமாரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அடிக்குறிப்பு:

வாசகரே, உங்கள் இரண்டு வகையும் சந்திக்கிற ஓர் இடம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கட்டாயம் படித்திருப்பீர்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி பூடகமாகவே விட்டுவிட்டார். இது கற்பனை முடிச்சு இல்லை, உண்மையான வழக்கு. உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக்' கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்கள் நிலம், உறவினர்களின் நிலம் ஆகியவற்றைக் கைப்பற்றியது பற்றிய ஆவணம் அது.

இந்த ஒரே சான்றை வைத்துக்கொண்டு இரண்டு வரலாற்றாசிரியர்கள் எதிரெதிரான இடத்துக்குப் போகிறார்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, 1935லும் 1937லும் இரண்டு தொகுதிகளாக வந்த தன் சோழர் வரலாற்று நூலில், சந்தேகத்தை இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் பக்கம் திருப்புகிறார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதை மறுக்கிறார். உத்தமன் ஆட்சியில் ஏன் தண்டனை இல்லை, இராசராசன் காலம்வரை ஏன் தாமதம் என்று அந்த வாதம் போகிறது. துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? சாட்சி ஒன்று, விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர், தீர்ப்பு நம் கையில்.

வழி என்று கேட்டீர்கள், என் வழி இதுதான்: பிடித்த நாவலுக்குப் பின்னால் என்ன ஆவணம் இருக்கிறது என்று தேடுவேன், ஆவணத்தையும் நாவலையும் ஜோடியாகப் படிப்பேன். இன்னொரு ஜோடி சொல்கிறேன். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலுக்குப் பின்னால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் தான் இறக்கும் காலம்வரை எழுதியிருக்கிறார். அரசியல் சதி, கப்பல் வரவு, வியாபாரக் கணக்கு, யார் யாரை அவமதித்தார்கள் என்ற வம்பு, எல்லாம் கலந்து கிடக்கும். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

அபுனைவு நூலின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை, எனக்கு அதுதான் பிரதானம். ஆசிரியர் யாரிடமிருந்து எடுத்தார், யாரோடு சண்டை போடுகிறார் என்பதெல்லாம் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அவர் கோபமாக மறுக்கிற புத்தகத்தை அடுத்துத் தேடிப் படியுங்கள். பாராட்டுகிற புத்தகத்தைவிட அது பெரும்பாலும் சுவையாக இருக்கும்.

முன்னுரை மட்டும்:

அடிக்குறிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு அடிக்குறிப்பைப் படியுங்கள் என்கிறார். நான் முன்னுரையைத் தாண்டினால்தானே பின்பக்கம் வரும்!

மடித்த பக்கம்:

நான் கொலைப் பக்கத்திலிருந்து வெளியே வந்தவள், அந்தப் பாதையைச் சொல்கிறேன்.

அகதா கிறிஸ்டி கதைகளில் விஷம் அதிகம் என்பது தெரிந்ததே. ஏன் என்று தேடியபோது, முதல் உலகப் போரின்போது அவர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர், அதற்கான தேர்வும் எழுதித் தேர்ந்தவர் என்று தெரிந்தது. 1920இல் வந்த அவருடைய முதல் நாவலில் ஸ்ட்ரிக்னைன் விஷத்தைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் தொழில் இதழே பாராட்டியிருக்கிறது. அங்கிருந்து அவர் பயன்படுத்திய விஷங்களைப் பற்றி ஒரு வேதியியலாளர் எழுதிய நூலுக்குப் போனேன். கேத்ரின் ஹார்கப் எழுதியது, ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு விஷம். அது உடம்புக்குள் என்ன செய்யும், எப்படிக் கண்டுபிடிப்பார்கள், உண்மையில் நடந்த வழக்குகள். வேதியியலைப் பள்ளியோடு தலைமுழுகிய நான் அதை ஒரே மூச்சில் படித்தேன்.

வேதியியலில் ஆர்வம் வந்தது, அப்புறம் பிரைமோ லீவியின் 'தனிம அட்டவணை' (1975). இருபத்தொரு அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். லீவி இத்தாலிய யூதர், தொழிலால் வேதியியலாளர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். சில அத்தியாயம் தொழிற்சாலை அனுபவம், சில அத்தியாயம் இளமைக்கால நண்பர்கள், சிலவற்றில் முகாம். கடைசி அத்தியாயம் கார்பன். ஒரே ஓர் அணுவின் பின்னாலேயே போகிறார்.

அதிலிருந்து அவருடைய முகாம் நினைவுகளுக்குப் போனேன். அது 1947இல் ஒரு சிறு பதிப்பகத்தில் வந்து அதிகம் கவனிக்கப்படாமல் போனது, 1958இல் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் படித்தது. அங்கிருந்து ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சின் வாய்மொழி வரலாறுகள். போருக்குப் போன பெண்கள், செர்னோபில் அணுஉலை விபத்தில் சிக்கியவர்கள் என்று சாதாரண மனிதர்களைப் பேசவிட்டு அதைத் தொகுத்தவர். 2015இல் நோபல் வாங்கினார்.

விஷத்தில் தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன் பாருங்கள். எந்த இடத்திலும் 'வகையை மாற்ற வேண்டும்' என்று நான் முடிவு செய்யவில்லை. ஒரு புத்தகத்தில் எழுந்த கேள்விக்கு அடுத்த புத்தகத்தில் பதில் தேடினேன்.

கரையான்:

லீவியின் அந்தப் புத்தகம் நானும் படித்திருக்கிறேன். என் வட்டத்தைவிட்டு வெளியே போனதே இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் அதை அபுனைவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஈயம், பாதரசம் என்ற இரண்டு அத்தியாயங்கள் முழுக்க முழுக்கக் கற்பனைக் கதைகள்.

மடித்த பக்கம்:

சரிதான். அந்த இரண்டும் கதை, மற்றவை பெரும்பாலும் வாழ்க்கை. எந்த அலமாரியில் வைப்பது என்பது நூலகரின் தலைவலி, நமக்கு என்ன?

அலமாரி 7:

தலைவலிதான்! இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பத்துக்கு எங்கள் துறையும் காரணம்.

மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் இன்றும் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவாகப் பிரித்து மூன்று இலக்க எண் கொடுக்கும் முறை. அதில் அபுனைவு பொருள்வாரியாகப் பிரியும், இலக்கியம் மொழிவாரியாகப் பிரியும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. குற்றவியலுக்கு 364. அதனால் ஒரு கொலை நாவலும் ஓர் உண்மைக் கொலை வழக்கின் வரலாறும் அறையின் இரண்டு மூலையில் இருக்கும். நாவலை எடுக்க வருகிறவர் 364 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். இரண்டையும் தேடி வருகிறவரின் ஆர்வம் ஒன்றுதான்.

எனவே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றம் 364. நஞ்சியல் 615.9. பயணம் 910 வரிசை. வாழ்க்கை வரலாறு 920. விலங்குகள் 590. வானியல் 520. உங்களுக்குப் பிடித்த நாவல் எதைப் பற்றியது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், அந்த வார்த்தைக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இரண்டு தட்டு மேயுங்கள்.

நம் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதாகச் சொன்ன விதியை வைத்துத்தான் அலமாரிகளைப் பூட்டாமல் வாசகரையே உள்ளே விடுங்கள் என்று அவர் வாதாடினார். தேடாத புத்தகம் கண்ணில் படுவதற்கு அதுதான் வழி.

காதால் படிப்பவள்:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருந்ததால் ஒலிநூலுக்கு மாறினேன். அதனாலேயே படிக்கும் வகை தன்னால் மாறிவிட்டது. துப்பறியும் கதை காதில் சரியாக வரவில்லை, கவனம் ஒரு நொடி சிதறினால் துப்பு போய்விடும். தன்வரலாறும் பயணமும் பிரமாதமாக வருகின்றன, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஆசிரியரே வாசித்த தன்வரலாறு கிடைத்தால் விடாதீர்கள். வாதமும் எண்களும் நிறைந்த நூல்களுக்கு மட்டும் தாள்தான் சரி.

காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்யும் லிப்ரிவாக்ஸ் 2005 முதல் இயங்குகிறது, இலவசம். வாசிப்பவரைப் பொறுத்துத் தரம் ஏறி இறங்கும். மூன்று நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டைப்படம்:

விருதுப் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லையே. விருது பெற்ற நூலை வாங்குவதில் எனக்கு ஆர்வம் குறைவு. ஏனென்றால் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சமாதானமாகி எடுத்த முடிவு அது. முடிவுக்கு முன் வெளியிடும் குறும்பட்டியலும் நெடும்பட்டியலும்தான் சுவாரசியம். யாராவது ஒரு நடுவர் பிடிவாதமாக உள்ளே நுழைத்த விசித்திரமான புத்தகம் அங்கேதான் இருக்கும்.

குறிப்பாக சர்வதேச புக்கர். 2016 முதல் ஆண்டுதோறும் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள், பரிசுத் தொகை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் வென்றது. 2025இல் பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2023 நெடும்பட்டியலில் இருந்தது. இந்தப் பட்டியல்களில் நான் பார்ப்பது மொழிபெயர்ப்பாளர் பெயரைத்தான். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தோடு பல மாதம் குடித்தனம் நடத்த வேண்டியவர், பிடிக்காததைத் தொடமாட்டார். அவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று தேடினால், நமக்குப் பெயரே தெரியாத மூன்று எழுத்தாளர்கள் கிடைப்பார்கள்.

தமிழிலும் இது வேலை செய்யும். தகழியின் 'செம்மீன்' தமிழுக்கு வந்தது சுந்தர ராமசாமி வழியாக. ராகுல சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' கண. முத்தையா வழியாக. பின்னது சரித்திர நாவல் பிரியர்களுக்கு நல்ல மாற்று. கிட்டத்தட்ட எட்டாயிரம் ஆண்டுகளை இருபது கதைகளில் கடக்கும், சுரங்கப்பாதைகள் இல்லாமல். சில கதைகள் பிரசங்கமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இலக்கிய விருது என்றால் நாவலுக்குத்தான் என்றும் நினைக்காதீர்கள். தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருதே 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழ் இன்பம்' கட்டுரைத் தொகுப்புக்குத்தான். 2024இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற வரலாற்று ஆய்வு. நோபலும் அப்படித்தான், 1902இலேயே ரோமானிய வரலாறு எழுதிய மொம்சனுக்குக் கொடுத்தார்கள்.

நள்ளிரவு வாசகன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். இணையக் கடைகளில் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வருகிறதே, அதை நம்பலாமா? எனக்கு மறுபடி மறுபடி கொலைக் கதையே காட்டுகிறது.

எண்ணிலி:

மென்பொருள் துறையில் இருப்பவன், இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பரிந்துரை புத்தகத்தைப் படித்துப் பார்த்து வருவதில்லை. இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற கணக்கு அடிப்படையாக இருக்கிறது. அமேசான் பொறியாளர்கள் 2003இல் இந்த முறையைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அதிலிருந்து இரண்டு விளைவுகள். ஏற்கெனவே நிறைய விற்கும் நூல் இன்னும் நிறையக் கண்ணில் படும். கொஞ்சம் பேரே வாங்கிய நூலுக்குப் போதுமான தரவு இருக்காது, அதனால் அது யாருக்கும் போய்ச் சேராது. தமிழ் அபுனைவில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ரகம்தான்.

அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், உங்களுக்குப் பிடித்த அதிகம் விற்காத ஒரு நூலின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். புகழ்பெற்ற நூலிலிருந்து தொடங்கினால் புகழ்பெற்ற நூலுக்குத்தான் போவீர்கள். அதைவிட, ஒரு வாசகரைப் பிடியுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தையும், நீங்கள் வெறுத்த ஒரு புத்தகத்தையும் உங்களைப் போலவே மதிப்பிட்டவர் யாரென்று பாருங்கள். அவர் வேறு என்ன படிக்கிறார் என்று அலசுங்கள். வெறுப்பு ஒத்துப்போவது ரொம்ப முக்கியம்.

முன்னுரை மட்டும்:

வெறுப்பு ஒத்துப்போவது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. என் நெருங்கிய நண்பருக்கும் எனக்கும் பிடித்த புத்தகம் ஒன்றுகூடப் பொதுவில்லை, பிடிக்காதவை அத்தனையும் பொது. ஆண்டுகளாக அவர் சொல்லித்தான் படிக்கிறேன்.

இந்த இடத்தில் முடிக்காமல் வைப்பது பற்றி நான் பேசியே ஆக வேண்டும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அதில் நான் நிபுணன். புதிய வகையில் கால் வைக்கும்போது எடுத்ததில் பாதி பிடிக்காது, அது இயற்கை. அதை முடித்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் இரண்டாவது புத்தகத்தோடு முயற்சியே நின்றுவிடும். அலமாரி அக்கா சொன்ன நான்சி பெர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, வைத்துவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கைப் பக்கம் படித்தால் போதும். வயது ஏற ஏறப் பொறுமை குறையலாம் என்று அதிகாரபூர்வ அனுமதி! பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று எழுதினார். அதில் முடிக்காமல் விடும் உரிமையும் உண்டு, பக்கம் தாண்டும் உரிமையும் உண்டு.

அடிக்குறிப்பு:

முழுக்க உடன்பாடில்லை. ஐம்பது பக்கக் கணக்கு நாவலுக்குச் சரி. அபுனைவில் முதல் அத்தியாயம்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும், பின்னால் வருவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் உங்களுக்கு ஆர்வமுள்ள ஓர் அத்தியாயத்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பொருளடக்கம் அதற்குத்தான் இருக்கிறது.

கரையான்:

அது நல்ல யோசனை. நான் பெரிய அறிவியல் நூல்களை அப்படித்தான் கையாள்கிறேன். இன்னொன்றும் செய்வேன்: ஒரு துறை பற்றி ஒன்றுமே தெரியாதபோது தடித்த நூலை எடுக்காமல், அந்தத் துறைக்காரரே எழுதிய சின்ன அறிமுக நூலைப் படிப்பேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1995 முதல் இந்த மாதிரிக் குட்டி அறிமுக நூல்களை ஒரு வரிசையாகவே போடுகிறது, எழுநூறு தலைப்புகளைத் தாண்டிவிட்டது. பனியாறு, நோய்த்தொற்று என்று எதற்கும் ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே தரம் இல்லை. சிலர் சக பேராசிரியருக்காக எழுதியிருப்பார்கள்.

மடித்த பக்கம்:

அறிவியல் புனைவு மட்டும்தான் படிக்கிறேன் என்று சொன்ன கரையான்தானே இவர்?

கரையான்:

அறிவியல் புனைவில் வருகிற பனியாறு சரியா என்று பார்க்கத்தான் படித்தேன். கணக்கில் வராது.

காதால் படிப்பவள்:

நாடு வாரியாகப் படிக்கும் முறையை யாராவது முயன்றதுண்டா? ஆன் மார்கன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 2012இல் உலகின் எல்லா நாட்டிலிருந்தும் ஒரு புத்தகம் என்று படித்தார். மொத்தம் 196 நாடுகள். சாவ் டோமே பிரின்சிபி என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் எதுவுமே கிடைக்காததால், தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு புத்தகத்தை அவருக்காகவே போர்த்துகீசிய மொழியிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அட்டைப்படம்:

அவ்வளவு வேகம் எனக்கு ஆகாது. ஆனால் நாடு என்ற ஒரே நிபந்தனையை வைத்ததும் வகை தானாகச் சிதறிவிடும் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு நாட்டில் நாவல் கிடைக்கும், இன்னொன்றில் நாட்டார் கதைத் தொகுப்பு, இன்னொன்றில் சிறைக் குறிப்பு. நாடு வேண்டாமென்றால் பத்தாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930களில் வந்தவை மட்டும் என்று கொஞ்ச நாள். மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களால் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால உரைநடையையும் மின்னூலாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் நாட்டுடைமையான நூல்கள் ஏராளம். ஒரு பத்தாண்டைப் பிடித்துக்கொண்டு அங்கே துழாவினால், சுகாதாரப் பிரசுரம், பயணக் கட்டுரை, சமையல் ஆலோசனை, மேடை நாடகம் என்று எதிர்பாராதது எல்லாம் வரும்.

நள்ளிரவு வாசகன்:

சரி, முடிவு செய்துவிட்டேன். முதலில் பண்டாரத்தார், கொலை வழக்கு நடக்கும் பகுதி மட்டும். பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளை, நினைத்த இடத்தில் திறந்து படிக்க. அப்புறம் விஷம் பற்றிய அந்த நூல். லீவி அதற்கும் பிறகு.

நாவலாசிரியர்கள் எழுதிய அபுனைவு எதுவும் யாரும் அதிகம் சொல்லவில்லையே? பிடித்த எழுத்தாளரின் கையைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் போகலாம் என்று தோன்றுகிறது.

அலமாரி 7:

போகலாம். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து காவிரிக் கரையோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' இருக்கிறது. களம்தான் உங்கள் வாசல் என்பதால் அது ஒத்துவரும், ஜானகிராமன் நாவல்களைப் படிக்காதவருக்கும் தடையில்லை. நூலகத்தில் கேட்கும்போது நாவல் அலமாரியில் தேடாதீர்கள், பயண நூல் வரிசையில் 915 பக்கம் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஆசிரியர் பெயரை வைத்து நாவலோடு சேர்த்து அடுக்கியிருப்பார்கள், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.